திரை வாங்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் போட்ரெய்ட் ஸ்டூடியோ தொடங்கப் போகிறேன். அறை 10 அடி அகலம், 20 அடி நீளம், கூரை உயரம் ஒன்பதரை அடி. சுவருக்குப் பிஸ்தா பச்சை அடித்திருக்கிறது. கிராப் சென்சார் கேமரா, 35, 50 மி.மீ. லென்ஸ், இரண்டு ஃபிளாஷ் லைட் கையில் இருக்கின்றன. பேக்கிரவுண்டுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் பிரிண்ட் செய்த பத்து ஸ்கிரீனும் ஒரு பச்சைத் துணியும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அப்பா ஸ்டூடியோ நடத்தியபோது ஓவியரை வைத்து வரைந்த இரண்டு ஸ்கிரீன்கள் பரணில் இருக்கின்றன: ஒன்று தூண் வைத்த மாளிகை, இன்னொன்று பூங்கா. அவற்றை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா? வளைகாப்பு, மொட்டை போட்ட குழந்தை, கல்யாண ஜோடி, பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள், பாஸ்போர்ட் படம் என்று எல்லாமே வரும். முதலில் எதை வாங்குவது?

பதில்: தம்பி, அளவுகளைச் சேர்த்து எழுதினீர்கள், அதற்கே நன்றி. "நல்ல பேக்கிரவுண்ட் எது" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அறையின் நீளம் தெரிந்தால் முக்கால்வாசிப் பதில் வந்துவிடும். உங்களிடம் 20 அடி நீளம் இருக்கிறது. பத்து ஸ்கிரீனை விட அதுதான் பெரிய சொத்து. அதை முதலில் பயன்படுத்தப் பழகுங்கள். ஸ்கிரீன் வாங்குவதை அப்புறம் பார்ப்போம்.

ஏன் என்று சொல்கிறேன். முகத்துக்கு அடிக்கும் லைட், ஆளிடமிருந்து 3 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பின்னால் 6 அடி தள்ளி ஸ்கிரீன். அப்படியானால் லைட்டிலிருந்து ஸ்கிரீனுக்கு 9 அடி, அதாவது மூன்று மடங்கு தூரம். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆக ஸ்கிரீனில் விழுவது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு. ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) மூன்றுக்குக் கொஞ்சம் அதிகம். நடுத்தரமான சாம்பல் நிறப் பேப்பர் அந்த நிலையில் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். அதே ஆளை ஸ்கிரீனிலிருந்து ஒன்றரை அடியில் நிறுத்தினால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்தான் வரும். அதே பேப்பர் இப்போது அடர்ந்த சாம்பலாகத் தெரியும், கூடவே ஆளின் நிழலும் அதில் விழும். ஆளை 6 அடியிலேயே விட்டுவிட்டு, இரண்டாவது லைட்டை ஸ்கிரீன் மேல் திருப்பி, முகத்தை விட இரண்டரை ஸ்டாப் கூட்டிப் பாருங்கள். அந்தச் சாம்பல் வெள்ளையாகிவிடும்.

ஒரே ஒரு சாம்பல் ரோல் கறுப்பும் ஆகிறது, வெள்ளையும் ஆகிறது, நடுவில் உள்ள அத்தனை நிறங்களும் ஆகிறது. இரண்டாவது லைட்டின் முன்னால் நீலமோ அரக்கோ கலர் ஜெல் தாளை மாட்டினால் அந்த நிறமும் வந்துவிடும். முகத்து லைட் ஸ்கிரீனில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிந்தினால் நிறம் வெளிறிப் போகும். அதனால்தான் ஸ்கிரீனுக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன். இந்த ஊரில் நான் பார்த்த பல ஸ்டூடியோக்களில் ஸ்கிரீன் பன்னிரண்டு இருக்கும், ஸ்டூல் மட்டும் ஸ்கிரீனை ஒட்டிப் போட்டிருக்கும். பன்னிரண்டையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டாலும் எல்லாப் படமும் ஒரே மாதிரி, தட்டையாக வரும்.

அதனால் முதல் செலவு, மேட் ஃபினிஷ் உள்ள, அதாவது பளபளக்காத, நடுத்தரச் சாம்பல் பேப்பர் ரோல். நாலரை அடி ரோல் விலை குறைவு என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்கள் 50 மி.மீ. லென்ஸில், 8 அடியிலிருந்து ஒருவரை இடுப்பளவுக்கு நிமிர்ந்த ஃபிரேமில் எடுக்கும்போது, 6 அடி பின்னால் உள்ள ஸ்கிரீனில் ஏறக்குறைய 1.33 மீட்டர் அகலம் கேமராவுக்குத் தெரியும். சின்ன ரோலின் அகலம் 1.35 மீட்டர். நூல் அளவு நகர்ந்தாலும் ஓரத்தில் பிஸ்தா பச்சை எட்டிப் பார்க்கும். பெரிய ரோல் 2.72 மீட்டர், 9 அடிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் 10 அடி அகலத்தில் அது பொருந்தும், ஆனால் ஸ்டாண்டுக்கு இடம் இருக்காது. சுவரின் இரண்டு மூலையிலும் கொக்கி அடித்து, குழாயில் மாட்டித் தொங்கவிடுங்கள். தரையில் விரியும் பகுதி அழுக்கானால் அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டுக் கீழே இழுத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாத ரோலை நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டால் நடுவில் தொய்ந்து அலை விழும், அந்த அலை லைட்டில் அப்படியே தெரியும்.

இப்போது அந்தப் பிஸ்தா பச்சைச் சுவர். பேக்கிரவுண்டுக்கு ஒரு ரூபாய் செலவு செய்யும் முன் அதை மாற்றியாக வேண்டும். 10 அடி அறையில் சுவர் ஆளின் கன்னத்திலிருந்து ஐந்தடியில் இருக்கிறது. ஃபிளாஷ் அடித்ததும் பச்சை வெளிச்சம் தாடைக்குக் கீழேயும் காதோரத்திலும் வந்து உட்கார்ந்துவிடும். மாநிறத் தோலில் பச்சை ஏறினால் உடம்பு சரியில்லாதவர் போல இருப்பார்கள், கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். கூரைக்கு வெள்ளை, சுவருக்குப் பளபளப்பு இல்லாத சாம்பல் எமல்ஷன். ஒரு பக்கச் சுவரில் கம்பி கட்டிக் கறுப்புத் துணி ஒன்றை இழுத்து விடும்படி வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து நான் ரொம்பவும் சொல்ல நினைப்பது தோல் நிறத்தைப் பற்றி. வருகிறவர்கள் "கொஞ்சம் கலரா தெரியற மாதிரி எடுங்க" என்று கேட்பார்கள். உடனே வெள்ளைப் பேக்கிரவுண்ட் போட்டால் பளிச்சென்று வருமென்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆட்டோவில் வைத்திருக்கும் கேமரா, ஃபிரேம் முழுக்க வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் மங்கிச் சேறு பூசினாற்போல் ஆகும். அப்புறம் கடையில் உட்கார்ந்து முகத்தை மட்டும் வெளுப்பாக்குவார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். அந்த ஆளின் அழகான கறுப்பு எங்கேயும் இல்லை. முகத்துக்கு அளந்து எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, மேனுவலில் பூட்டுங்கள். கறுத்த தோலுக்குப் பின்னால் தோலை விடச் சற்றே வெளிறிய அல்லது நன்றாக அடர்ந்த சாம்பல் வையுங்கள். இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாகிவிட்டால்தான் முகத்தின் விளிம்பு கரைந்து போகும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் மினுமினுப்பு கறுத்த தோலில்தான் அவ்வளவு அழகாக வரும். அதைப் பவுடர் போட்டு அணைத்துவிடாதீர்கள். படம் முடிந்ததும் கேமராத் திரையில் காட்டுங்கள், "கலரா" என்று கேட்டவர்களே பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உடையையும் அதே கண்ணால் பாருங்கள். நம் ஊர் வெண்பட்டு வேட்டி சட்டையில் மாப்பிள்ளை வந்து நிற்கிறார், நீங்கள் வெள்ளைப் பேப்பர் முன் நிறுத்துகிறீர்கள். வேட்டியின் மடிப்பும் ஓரமும் பேப்பரோடு கலந்துவிடும். சரிகைக் கரை மட்டும் இரண்டு கோடாக அந்தரத்தில் நிற்கும். அவருக்குச் சாம்பலை இரண்டு ஸ்டாப் இறக்கி வையுங்கள், பட்டின் பால் நிறம் எழுந்து வரும். பக்கத்தில் மணப்பெண் அரக்குச் சேலை என்றால் பழுப்பும் மெரூனும் வேண்டாம், கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல் சேலையை முன்னால் தள்ளிக் காட்டும். தலை நிறைய மல்லிகை வைத்த வளைகாப்புப் பெண்ணுக்கு வெள்ளைப் பின்னணி போட்டால் பூ போய்விடும். முழுக் கறுப்பு போட்டால் பூ நிற்கும், கூந்தல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அடர்த்தி இருக்கிறது, அதை உங்கள் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை இன்னொரு சங்கதி. கோயிலிலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குத் தூக்கி வருவார்கள். கிரீம் நிறத் துணி முன் உட்கார வைத்தால் அந்த மஞ்சள் மண்டை பின்னணியோடு ஒன்றிப் போகும். நீலம் கலந்த சாம்பல் முன் வையுங்கள்: காய்ந்து வெடித்த சந்தனத்தின் கீறல்கள், காதோரம் வழிந்து நின்ற ஒரு துளி, எல்லாம் தெரியும். அம்மாக்கள் பல வருஷம் கழித்துத் தேடுவது அந்தத் துளியைத்தான்.

நாட்டியப் பிள்ளைகளுக்குப் பின்னணியை விடத் தரைதான் முக்கியம். சலங்கை கட்டிய காலை மறைத்து எடுத்தால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முழு உருவத்துக்கு 35 மி.மீ. லென்ஸ், ஆளிடமிருந்து 10 அடி. ஆளை ஸ்கிரீனுக்கு 4 அடியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் முன்னால் வந்தால் உங்கள் கூரை உயரத்துக்கு ரோலின் குழாய் ஃபிரேமுக்குள் வந்துவிடும். தட்டி ஆடினால் பேப்பர் கிழியும். அவர்களுக்குத் துணிதான் சரி.

கடைக்காரர் சொன்ன பிரிண்ட் ஸ்கிரீன்களை நான் எடுக்க மாட்டேன். பிளெக்ஸ் என்றால் பளபளக்கும், எங்காவது ஒரு வெள்ளைத் திட்டு விழும். துணியில் அடித்தது பரவாயில்லை, ஆனால் வேறு தொல்லை இருக்கிறது. அச்சடித்த ஏற்காடு வியூ பாயின்ட் படம் ஒன்றில் வெயில் வலது பக்கமிருந்து வருகிறது, அடிவானம் நின்றவர் கண் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் லைட்டை இடது பக்கம் வைத்து, ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தால் பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று மட்டும் தெரியும். கம்ப்யூட்டரில் பின்னணியை மாற்றுவதற்கான அந்தப் பச்சைத் துணிக்கும் நல்ல இடைவெளி வேண்டும். பட்டுச் சேலையின் மினுக்கத்தில் பச்சை ஏறும், கிளிப்பச்சைச் சேலை கட்டி வந்தால் சேலையே காணாமல் போகும், முடியும் பூச்சரமும் ஓரம் கடிபட்டு வரும். பின்னணியை மாற்றும் வித்தையை இன்று எல்லோர் போனும் செய்கிறது. அதற்காக யாரும் உங்கள் மாடிப்படி ஏறி வரப் போவதில்லை.

பரணில் கிடப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவுக்குள் ஊர்களையும் அரண்மனைகளையும் செட்டாக எழுப்பிப் படம் பிடித்தார்கள். மரமும் துணியும் பெயிண்டும் வைத்து ஓர் உலகத்தை எழுப்பும் அந்த வேலையின் சின்ன வடிவம்தான் போட்டோ ஸ்டூடியோ ஸ்கிரீன். அதை வரைந்த கைகள் இப்போது குறைந்துவிட்டன. அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1950-இல் பாரிஸில் கிடைத்த ஒரு பழைய நாடகத் திரையை ஊருக்குக் கொண்டுபோய், கடைசிவரை அதன் முன்னால் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்தார். உங்களுக்கு அது பரணிலேயே இருக்கிறது.

மாளிகை ஸ்கிரீனை விரித்து, தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நிழல் வலது என்றால் உங்கள் லைட் இடது. ஓவியர் எப்போதோ முடிவு செய்துவிட்டார், நாம் கேட்டு நடக்க வேண்டியதுதான். படிக்கட்டும் தரைக் கட்டங்களும் எந்த உயரத்திலிருந்து பார்ப்பதாக வரைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, கேமராவை அந்த உயரத்தில் வையுங்கள். மேலே நான் சொன்ன 6 அடி விதி இங்கே செல்லாது. ஆளை இரண்டு மூன்று அடிக்குள் நிறுத்தி, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 அல்லது 11-இல் எடுங்கள், திரை திரையாகவே தெரியட்டும். மங்கலாக்கி நிஜ மாளிகை என்று நம்ப வைக்கப் பார்த்தால் கெட்டுவிடும். பேரப்பிள்ளையோடு வரும் தாத்தா பாட்டிகளுக்கு இதைப் போடுங்கள். அவர்களில் யாராவது இதே திரை முன்னால் நின்று கல்யாணப் படம் எடுத்தவர்களாகவும் இருக்கலாம், அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய ஸ்கிரீன்களில் பல, பொடிக் கலரைப் பசையில் குழைத்து வரைந்தவை. ஈரத் துணி பட்டால் வண்ணம் கையோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். மடிக்கவே கூடாது. அகலமான பி.வி.சி. குழாயில், வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, மேலே பழைய வேட்டியைச் சுற்றி வையுங்கள்.

மூன்றாவது ஸ்கிரீனை நீங்களே செய்யலாம். தடித்த காடாத் துணி, 8 அடிக்கு 10 அடி, நடுவில் தையல் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். தையல் கோடு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் தெரியும். துணி நனைந்தால் சுருங்கும், அதனால் மொட்டை மாடியில் பலகைமேல் நாலு பக்கமும் இழுத்து ஆணி அடித்துவிட்டு, தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷன் ஒரு கோட். காய்ந்ததும் சாம்பல். பிறகு அதை விடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல், கொஞ்சம் காவிப் பழுப்பு, கொஞ்சம் ஆலிவ் பச்சை மூன்றையும் தனித்தனி வாளியில் கரைத்து, பெரிய ஸ்பாஞ்சால் குறுக்கும் நெடுக்குமாக ஒற்றி, ஈரம் காயும் முன் ஒன்றோடொன்று கலக்கும்படி தேய்த்து விடுங்கள். நடுப்பகுதி வெளிர், ஓரம் அடர்த்தி. சித்திரை வெயிலில் செய்தால் ஒற்றின இடம் ஒற்றினபடியே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தொடங்குங்கள். அடிக்கடி எழுந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஏதாவது ஓர் உருவம், மேகமோ முகமோ, கண்ணில் பட்டால் அதை அழித்துவிடுங்கள். படத்தில் அது ஆளின் தலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு மூலையில் சின்ன வெள்ளை ஸ்கிரீன் போதும். ஆளை மூன்று அடி தள்ளி உட்கார வையுங்கள், காதுக்குப் பின்னால் நிழல் வராது. கறுப்புக்குத் தனியாக ஒரு வெல்வெட் துணி வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணத் துணி எதுவும் வெளிச்சத்தை அதைப் போல விழுங்காது.

ஏற்காடு படம் கேட்டு வரும் ஜோடிகளுக்கு என் யோசனை: பிரிண்ட் ஸ்கிரீனுக்குப் பதிலாக நீங்கள் செய்த காடாத் துணியை மலைமேல் எடுத்துக்கொண்டு போங்கள். புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் அமெரிக்க மேற்கில் சுரங்கத் தொழிலாளிகளையும் ஊர் சுற்றிகளையும் எடுத்தபோது, வெட்டவெளியில் நிழலான இடத்தில் வெள்ளைப் பேப்பரைத் தொங்கவிட்டுத்தான் எடுத்தார். எஸ்டேட் பக்கம் ஏதாவது கட்டடத்தின் நிழல் விழும் சுவரில், அனுமதி கேட்டுத் துணியைக் கட்டுங்கள். சில்வர் ஓக் மரங்களை நேரடியாகப் பின்னணியாக வைத்தால் இலைக்கு நடுவே வானம் ஓட்டை ஓட்டையாக வெளுத்துக் கண்ணை இழுக்கும். துணி இருந்தால் அந்தக் கவலை இல்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டாலோ துணியும் வேண்டாம். மலை மொத்தமும் வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரே சாஃப்ட்பாக்ஸ், பின்னால் பத்தடியில் எல்லாம் வெளிர் சாம்பல். பேப்பர் ரோலை மட்டும் மேலே கொண்டு போகாதீர்கள், ஈரத்தில் நெளிந்துவிடும்.

மிச்சப் பணத்தில் பேக்கிரவுண்ட் லைட்டுக்கு ஒரு கிரிட் வாங்குங்கள், வெளிச்சம் சிந்தாமல் வேண்டிய இடத்தில் மட்டும் விழும். அதற்கும் மேல் மிஞ்சினால் இளம்பிள்ளைப் பக்கம் போய், நெருக்கமான கட்டமோ பூ வேலையோ போட்ட பருத்தித் துணி இரண்டு எடுத்து வாருங்கள். மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948-இல் ஸ்டூடியோ தொடங்கிய புகைப்படக்காரர் செய்டூ கெய்ட்டா, தன் கட்டில் விரிப்பைத்தான் முதல் பேக்கிரவுண்டாகத் தொங்கவிட்டார். பூப்போட்ட உடை, அதற்குப் பின்னால் வேறொரு பூப்போட்ட துணி என்று அவர் எடுத்த படங்களை இன்று உலகமே பார்க்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுவாராம். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த வருஷம் என்று அந்தத் துணியை வைத்தே சொன்னார். நீங்களும் ஒவ்வொரு ஸ்கிரீனின் பின்பக்க ஓரத்திலும் தொங்கவிட்ட தேதியை எழுதி வையுங்கள். துணியை முந்தின நாள் இரவே கட்டி, கீழ் ஓரத்தில் கிளிப் போட்டுக் கனம் தொங்கவிட்டால் காலையில் சுருக்கம் பாதி இறங்கியிருக்கும். மீதியை நீராவி இஸ்திரிப் பெட்டியால் எடுத்துவிடலாம்.